எட்டு மில்லிமீற்றர்

கொக்குவில், ரயில் கடவைக்குப் பக்கத்து மேல்மாடி.
இரவு பதினொன்றரை. மின்விசிறியை நிறுத்திவிட்டேன்,
அதன் இரைச்சலும் திரையில் விழுகிறதோ என்று ஒரு சந்தேகம்.
மேசையில் குருநகர் றெஜினோல்டின் பெட்டி.
மூடியைக் கழற்றினால் இன்னும் கடல் மணக்கிறது.

ஆழம் பார்க்கிற பலகை. நான் கீறியது.
"மீன் இல்லாத இடத்தில நல்லா வேலை செய்யுது, பிள்ளை.
மீன் கூட்டம் வந்தாச் செத்துப்போகுது" என்றார்.
சிரித்தேன்.
பிறகு சிரிக்கவில்லை. அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை.

மூன்று கிழமை யதுசனைத் திட்டினேன்.
உன்ர மென்பொருள், உன்ர அவசரம், உன்ர நித்திரை.
அவன் ஒவ்வொரு வரியாகத் திறந்து காட்டினான்
கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய்.
நான் மீற்றரைக் காட்டினேன்:
மூன்று தசம் மூன்று வோல்ற், மலை மாதிரி நிக்குது, பார்.

இன்றைக்குத்தான் கிளிநொச்சி வளாகத்திலிருந்து
ஒரு நல்ல அலைகாட்டி, ஒரே இரவுக்கு இரவல்.
முதலில் அதன் நில வயரை நீட்டிப் பிடித்தேன்.
திரை முழுக்கப் புல்.
பாதிப் புல்லை முளைக்கவைத்தது அந்த வயரேதான்.
அதைக் கழற்றி, துண்டுக் கம்பியொன்றைச் சுருட்டி,
முனைக்குப் பக்கத்திலேயே நிலத்தில் குத்தினேன்.
புல் அடங்கிற்று.
குழி தெரிந்தது.

முப்பத்திரண்டு வழிகளும் ஒரே துடிப்பில்
பூச்சியத்திலிருந்து ஒன்றுக்குத் தாவும் கணம்
மூன்று தசம் மூன்று, இரண்டு தசம் ஐந்தாய் விழுகிறது.
நான்கு நனோசெக்கன்.
மீற்றருக்கு இது தெரிந்திராது, அது சராசரி சொல்லுகிற பிறவி.

பந்தியில் முப்பத்திரண்டு பேர் ஒரே மூச்சில் ரசம் கேட்கிறார்கள்.
குசினியில் கிடாரம் நிறைய இருக்கிறது.
வாளியோடு இலையருகில் நிற்கவேண்டியவன்
மண்டப வாசலில் படத்துக்கு நிற்கிறான்.

வாளிக்காரன், அந்த நூறு நனோபரட் கொள்ளளவி.
குறுநொய் அளவு. ஒன்றல்ல, பன்னிரண்டு.
தள்ளி நிறுத்தியது நான்.
ஒரே நிரை, ஒரே முகம், வெள்ளைச்சட்டை அசெம்பிளி,
பலகை வடிவாயிருக்கட்டும் என்று.
அந்தப் படத்துக்கு நூற்றுப்பதினேழு பேர் இதயம் போட்டார்கள்.

எட்டு மில்லிமீற்றர் செப்பு
ஒரு நனோசெக்கனுக்கு முன்னால் செப்பே இல்லை,
சட்டையைப் பிடித்திழுக்கும் சுருள்.
அதிலும் நான் கீறியது போகிற வழியை மட்டும்.
திரும்புகிற வழி நிலத்தளத்தில் ஒரு பிளவைச் சுற்றி
ஊர் சுற்றி வருகிறது.
திரும்ப வழியில்லாத இடத்துக்கு
ஓட்டம் புறப்படுவதேயில்லை.

அப்பாவுக்கு நெஞ்சடைத்த வெள்ளி இரவு
அண்ணா ஸ்காபறோவிலிருந்து இரண்டு இலட்சம் அனுப்பினான்.
செவ்வாய் வந்தது.
ஓட்டோவுக்கு ஆயிரத்தைந்நூறு
சலோமி அக்காவின் கைப்பைக்குள்ளிருந்து, மதிலுக்கு மேலால்.
அண்ணாவையும் நான் திட்டித்தான் இருந்தேன்.

பச்சைப் பூச்சைச் சுரண்டினேன்.
சிப்பின் காலோடு காலாய், கோணலாய்,
ஒரு கொள்ளளவியை ஈயம் வைத்து ஒட்டினேன்.
பிறகு அடுத்தது. கை நடுங்கி ஒன்று தரையில் விழுந்து
தொலைந்தேபோனது.
வடிவென்று ஒன்றுமில்லை, முழங்கால் காயத்துப் பிளாஸ்ரர்.
மீன் கூட்டத்தை நடித்துக் காட்டும் தரவை ஓடவிட்டேன்.
குழி இன்னும் இருக்கிறது, மூன்று தசம் ஒன்றுவரை.
அது உயிரோடு தாண்டக்கூடிய குழி.
பலகை சாகவில்லை.
திரும்ப ஓடவிட்டேன். சாகவில்லை.

இரண்டு பத்துக்கு யதுசனுக்கு எடுத்தேன்.
"ஆர் செத்தது?" என்றான்.
"உன்ர கோட் சரி. பிழை என்ர" என்றேன்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது, தூரத்தில் ஒரு நாயும்.
"இதைக் காலமை சொன்னாப் போதாதே?"

போதாது.